இரும்புப் பெட்டகத்தில் ஆர்தர்: வின்செஸ்டர் கையெழுத்துப் பிரதி குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தின் தெற்கில் உள்ள வின்செஸ்டர் நகரில், பிரிட்டனின் பழங்கதைகளில் வரும் ஆர்தர் அரசரோடு தொடர்புடைய இரண்டு பொருள்கள் நெடுங்காலம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று வட்ட மேசை, ஆர்தரும் அவருடைய வீரர்களும் சுற்றி அமர்ந்ததாகக் கதைகள் சொல்வது. பழைய கோட்டையின் பெரிய மண்டபத்துச் சுவரில் தொங்குகிறது. 5.5 மீட்டர் விட்டம், ஏறக்குறைய 1,200 கிலோ எடை, முழுக்க ஓக் மரம். ஊருக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து வியந்துவிட்டுப் போவார்கள். இன்னொன்று, அங்கிருந்து சற்று நடந்தால் வரும் வின்செஸ்டர் கல்லூரியில் இருந்தது. பெயர்தான் கல்லூரி, உண்மையில் அது ஒரு பழைய பள்ளிக்கூடம். அங்கே ஒரு பெட்டகத்துக்குள் முன்னும் பின்னும் ஏடுகள் உதிர்ந்துபோன ஒரு தடித்த கையெழுத்துப் பிரதி கிடந்தது. அது என்ன நூல் என்று 1934 வரை ஒருவரும் கவனிக்கவில்லை.

மேசையைப் பார்க்கக் கூட்டம் வந்தது. ஆனால் ஆர்தர் கதைகளைப் பற்றிய படிப்பு அதனால் பெரிதாக வளர்ந்துவிடவில்லை. அந்தக் கிழிந்த பிரதி வெளியே வந்ததும் முப்பது நாற்பது ஆண்டுகளுக்குள் ஆய்வின் போக்கே மாறியது. இடைக்காலக் கதை மரபு ஒன்றைப் பற்றிய ஆய்வை வளர்க்க நினைப்பவர்கள் விழா, கண்காட்சி, விழிப்புணர்வு என்றுதான் பெரும்பாலும் யோசிக்கிறார்கள். வின்செஸ்டரில் நடந்தது வேறு. அந்த வழியைத்தான் இங்கே ஆராயப் போகிறேன்.

1934 வரை

அந்தப் பிரதியில் இருந்த நூலை எழுதியவர் சர் தாமஸ் மாலரி, பதினைந்தாம் நூற்றாண்டு ஆங்கிலேய வீரர். வாரிக்‌ஷயரில் நியூபோல்ட் ரெவல் என்ற இடத்தைச் சேர்ந்தவர் என்பதுதான் ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஏற்கும் அடையாளம். பல குற்றச்சாட்டுகளுக்கு ஆளாகி ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்தவர். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் சிதறிக் கிடந்த ஆர்தர் கதைகளைத் திரட்டி, சுருக்கி, ஆங்கில உரைநடையில் ஒரு பெரிய நூலாக்கினார். நான்காம் எட்வர்டு அரசரின் ஒன்பதாம் ஆட்சியாண்டில், அதாவது 1469–70-இல், எழுதி முடித்ததாக நூலின் கடைசியில் குறிப்பு இருக்கிறது.

அவர் இறந்த பிறகு, இங்கிலாந்தின் முதல் அச்சாளர் வில்லியம் காக்ஸ்டன் 1485 ஜூலை 31-ஆம் தேதி வெஸ்ட்மின்ஸ்டரில் அதை அச்சிட்டு முடித்தார். ‘மோர்ட் டார்தர்’ (ஆர்தரின் மரணம்) என்ற பெயர் அந்தப் பதிப்பிலிருந்து நிலைத்தது. நூலை 21 பகுதிகளாகப் பிரித்து அத்தியாயத் தலைப்பு போட்டதும் காக்ஸ்டன்தான். அந்தப் பதிப்பில் இன்று மிஞ்சியிருப்பவை இரண்டே படிகள். முழுப்படி நியூயார்க்கின் மார்கன் நூலகத்திலும், சில ஏடுகள் குறைந்த படி மான்செஸ்டரின் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்திலும் இருக்கின்றன.

1634-க்குப் பிறகு ஏறத்தாழ 180 ஆண்டுகள் யாரும் அதை மறுபடி அச்சிடவில்லை. 1816-இல் திடீரென்று இரண்டு மலிவுப் பதிப்புகள் வந்தன, மறு ஆண்டு ராபர்ட் சவுதியின் முன்னுரையோடு மூன்றாவது. அப்புறம் நடந்ததுதான் சுவாரசியம். 1857-இல் ரோசெட்டி, வில்லியம் மாரிஸ், பர்ன்-ஜோன்ஸ் முதலான இளைஞர்கள் ஆக்ஸ்போர்டு யூனியன் கட்டடத்துச் சுவரில் மாலரியின் காட்சிகளை வரைந்தார்கள். சுவரைச் சரியாகப் பதப்படுத்தாமலே வரைந்ததால் கொஞ்ச காலத்திலேயே ஓவியங்கள் மங்கிவிட்டன. ஆனால் ஆர்வம் மங்கவில்லை. 1859-இல் டென்னிசனின் ஆர்தர் கவிதைகள் வரத் தொடங்கின. சிறுவர்களுக்கென்று ‘தகாத’ பகுதிகளை வெட்டிய பதிப்புகள் பெருகின. 1889-இல் மார்க் ட்வைன் இந்த வீரயுகத்தையே கேலி செய்து நாவல் எழுதினார். மறுஆக்கங்களின் பெருவெள்ளம் முழுக்க அந்த 1816 அச்சுகளுக்குப் பின்னால் வந்தது. நூல் கைக்குக் கிடைத்தது, எழுத்தாளர்கள் எழுதினார்கள்.

ஆனால் ஆய்வு? ஆஸ்கார் சோம்மர் 1889–91-இல் காக்ஸ்டன் பதிப்பை எழுத்துக்கு எழுத்து சரிபார்த்து வெளியிட்டார், மூல நூல்களையும் தேடினார். நல்ல உழைப்புதான். இருந்தாலும் ஒரு எல்லைக்கு மேல் நகர முடியவில்லை. கையில் இருந்தது காக்ஸ்டன் ஒருவர் வழியாக வந்த பாடம், அதாவது நூலின் வாசக வடிவம், மட்டும். ஒரு வாக்கியத்தைப் பிடித்து ‘இது மாலரியின் நடை’ என்றால், ‘காக்ஸ்டன் மாற்றியிருந்தால்?’ என்று கேட்டதும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். ஒரே பாடம் இருந்தவரை அந்த நூலுக்கு ரசிகர்கள் இருந்தார்கள். ஆய்வாளர்கள் பெருகுவதற்கு இரண்டாவது பாடம் வேண்டியிருந்தது.

பெட்டகம் திறந்த கதை

வால்டர் ஓக்‌ஷாட் அப்போது வின்செஸ்டர் கல்லூரியில் இளம் ஆசிரியர். அவருடைய ஆர்வம் ஆர்தரில் இல்லை, பழைய நூல்களின் கட்டமைப்பில், அதாவது பைண்டிங்கில். எந்தத் தோல், என்ன முத்திரை, எந்தப் பட்டறையின் கைவேலை என்று பார்க்கிறவர். பள்ளியின் இடைக்காலச் சுவடிகள் தலைவரின் படுக்கையறையில் ஒரு பெட்டகத்துக்குள் பூட்டியிருந்தன. அனுமதி வாங்கி, பெட்டகத்தைத் திறக்கச் செய்து, ஒவ்வொன்றாகப் பார்த்தார். கட்டமைப்பு என்ற வகையில் பெரிய ஏமாற்றம்தான். ஒரு தடித்த காகிதப் பிரதியைப் பிரித்தபோது அது ஆர்தரும் வீரர்களும் வரும் உரைநடை என்று மட்டும் தெரிந்தது. முதல் ஏடுகளும் இல்லை, கடைசி ஏடுகளும் இல்லை. மூடி வைத்துவிட்டார்.

பிறகு ஒருநாள், பள்ளியில் பழைய அச்சு நூல்களின் சிறு கண்காட்சிக்காகக் குறிப்புகள் தயாரித்துக்கொண்டிருந்தார். மாலரியைப் பற்றிய தகவலுக்காக ஏதோ ஒரு நூலைப் புரட்டியபோது, மாலரியின் நூலுக்குக் கையெழுத்துப் பிரதி எதுவும் அறியப்படவில்லை என்ற வரி கண்ணில் பட்டது. பார்த்ததும் நெஞ்சு ஒரு துடிப்பைத் தவறவிட்டதாகப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். ஒரு மலிவுப் பதிப்பை வாங்கிக்கொண்டு போய்ப் பெட்டகத்துப் பிரதியோடு ஒப்பிட்டார். சந்தேகமே இல்லை, மாலரிதான்.

இதில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிது என்பார்கள். அதிர்ஷ்டம் இருந்தது, சரி. ஆனால் பிரதி எங்கோ காணாமல் போயிருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் பூட்டிப் பத்திரமாக இருந்தது. இல்லாமல் போனது விவரமான அட்டவணை. முதல் ஏடு இல்லாத பிரதிக்குத் தலைப்பு கிடையாது, தலைப்பில்லாத பிரதியை எந்தப் பட்டியலில் தேடுவது? தமிழில் ஏட்டுச்சுவடிகளோடு பழகியவர்களுக்கு இந்த நிலைமையை விளக்கவே வேண்டாம். ஒரு மரபைப் பற்றிய ஆய்வை வளர்க்கப் பணம் ஒதுக்குகிறவர் யாராவது என்னிடம் முதல் செலவு எது என்று கேட்டால், சுவடி அட்டவணை என்றுதான் சொல்வேன். விளம்பரம் கிடைக்காத வேலை அது. ஆனாலும் அதுதான்.

அடுத்து நடந்ததும் முக்கியம். செய்தி பத்திரிகையில் வந்தபோது யூஜீன் வினாவேர் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சுப் பேராசிரியர். செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் பிறந்து, பாரிஸில் ஜோசப் பெதியேயிடம் சுவடிப் பதிப்பு பயின்றவர். காக்ஸ்டன் பாடத்தை வைத்து மாலரிக்கு ஒரு செம்பதிப்பு தயாரித்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் இப்படி ஒரு செய்தி. ஓடி வந்தார். ஓக்‌ஷாட்டுக்குத் தானே பதிப்பிக்கலாம் என்ற எண்ணம் இருந்தது, கண்டெடுத்தவர் என்ற உரிமையும் இருந்தது. ஆனாலும் வினாவேரிடம் விட்டுக்கொடுத்தார். வினாவேர் செய்த வேலையைத் தள்ளிவைத்துவிட்டு, புதிய பிரதியை அடிப்படையாக வைத்து மறுபடி தொடங்கினார். மூன்று தொகுதிகளாக அது வந்தது 1947-இல். இடையில் ஒரு உலகப் போரே வந்து போயிருந்தது.

கரடியா, காட்டுப்பன்றியா

இரண்டு பாடங்களையும் பக்கத்தில் வைத்துப் படித்தபோது என்ன தெரிந்தது என்பதற்கு ஒரே இடத்தை எடுத்துக்கொள்கிறேன். ரோமப் பேரரசர் கப்பம் கேட்க, ஆர்தர் படை திரட்டிப் போகும் பகுதி. காக்ஸ்டனில் அது ஐந்தாம் புத்தகம். வின்செஸ்டர் பிரதியில் அதே பகுதி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நீளம். நடையும் வேறு. மாலரி இங்கே பின்பற்றியது பிரெஞ்சு உரைநடையை அல்ல, மோனை நிறைந்த ஒரு பழைய ஆங்கிலக் கவிதையை. வின்செஸ்டர் பிரதியின் வாக்கியங்களில் அந்த மோனை இன்னும் தட்டுகிறது. காக்ஸ்டன் பாடத்தில் அது பெரும்பாலும் களையப்பட்டிருக்கிறது.

கதையையே மாலரி திருப்பியிருக்கிறார். மூலக் கவிதையில் இந்தப் படையெடுப்பு ஆர்தரின் வீழ்ச்சியில் போய் முடிகிறது. ரோமை நெருங்கும் நேரத்தில் நாட்டில் துரோகம், திரும்பி வந்து போர், மரணம். மாலரி வாலை வெட்டிவிட்டு ஆர்தரை ரோமில் பேரரசராக முடிசூட்டி, வெற்றியோடு வீடு திரும்ப வைக்கிறார். ஆக, இடைக்கால ‘மூலம்’ என்று நாம் கொண்டாடுகிற நூலே ஒரு துணிச்சலான மறுஆக்கம்.

அதே பகுதியில் ஆர்தர் ஒரு கனவு காண்கிறார். வானத்தில் ஒரு பறவைநாகமும் ஒரு கரடியும் சண்டையிடுகின்றன, நாகம் வெல்கிறது. வின்செஸ்டர் பிரதியில் கரடி. காக்ஸ்டன் அச்சில் அது காட்டுப்பன்றி. ஒரு விலங்கு மாறியதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அச்சு முடிந்த தேதியைப் பாருங்கள்: 1485 ஜூலை 31. அப்போது அரியணையில் இருந்த மூன்றாம் ரிச்சர்டின் சின்னம் வெள்ளைக் காட்டுப்பன்றி. அவரை எதிர்த்துக் கடல் கடந்து வரக் காத்திருந்த ஹென்றி டியூடர் உயர்த்திய கொடியில் வெல்ஷ் மரபின் சிவப்பு நாகம். மூன்று வாரம் கழித்து, ஆகஸ்ட் 22-இல், பாஸ்வர்த் களத்தில் ரிச்சர்டு மாண்டார். மாலரி ஆய்வில் முன்னணியில் இருக்கும் பீட்டர் ஃபீல்டு இந்த மாற்றத்தில் அரசியல் இருப்பதாக வாதிட்டிருக்கிறார். வெறும் அச்சுப் பிழை என்று தள்ளிவிடவும் இடம் இருக்கிறது. எனக்கு ஃபீல்டின் வாதம் பிடித்திருக்கிறது, ஆனால் ஒரே ஒரு விலங்கை மட்டும் வைத்து ஒரு அச்சாளரின் அரசியலைத் தீர்மானிக்கத் தயக்கமும் இருக்கிறது.

எப்படியிருந்தாலும், இந்தக் கேள்வியைக் கேட்கவே 1934-க்கு முன்னால் வழி இல்லை. காட்டுப்பன்றி மட்டும் இருந்த இடத்தில் எதை எதோடு ஒப்பிடுவது?

ஒரே நூலா, எட்டு நூல்களா

வின்செஸ்டர் பிரதியில் கதைப் பகுதிகளின் முடிவில் முடிவுரைக் குறிப்புகள் வருகின்றன. காக்ஸ்டன் அவற்றில் பலவற்றை எடுத்துவிட்டார். முதல் கதையின் முடிவில் உள்ள குறிப்பின் சாரம் இது: இந்தக் கதை இங்கே முடிகிறது, இதற்கு மேல் வேண்டுமென்றால் ஆர்தரைப் பற்றிய வேறு புத்தகங்களைத் தேடிக்கொள்ளுங்கள், இதைத் தொகுத்தவன் சிறையில் இருக்கும் ஒரு வீரன், அவன் மீள இறைவன் அருளட்டும். எழுதியவர் அதோடு நிறுத்திவிடத்தான் நினைத்திருக்கிறார் போலிருக்கிறது. இதைப் படித்த வினாவேர் பெரிய முடிவுக்குத் தாவினார். மாலரி எழுதியது ஒரு நூலே அல்ல, தனித்தனியான எட்டுக் கதைகள், அவற்றை ஒரு நூலாகக் கட்டியது காக்ஸ்டன். தன் பதிப்புக்கு ‘சர் தாமஸ் மாலரியின் படைப்புகள்’ என்றே தலைப்பு வைத்தார்.

எதிர்ப்பு சும்மா இருக்குமா? 1964-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் சேர்ந்து, நூல் முழுவதும் ஒரே திட்டத்தில் எழுதப்பட்டது என்று நிறுவ ஒரு கட்டுரைத் தொகுதியே வெளியிட்டார்கள். முன் கதையில் விதைத்தது பின் கதையில் முளைக்கிறதா, இறந்த வீரன் மறுபடி வருகிறானா என்று வரிக்கு வரி ஆராய்ந்தார்கள். ரோமப் படையெடுப்பைச் சுருக்கியது காக்ஸ்டனா, மாலரியே திருத்தினாரா என்று இன்னொரு சண்டை. ஃபீல்டு 2013-இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட பதிப்பு மறுபடி ‘மோர்ட் டார்தர்’ என்ற ஒற்றைத் தலைப்புக்கே திரும்பியது.

வினாவேரின் எட்டு நூல் வாதத்தை இன்று முழுசாக ஏற்பவர்கள் குறைவு. நானும் ஏற்கவில்லை. ஆர்தரின் தலைசிறந்த வீரன் லான்சலாட்டும் அரசி கினிவியரும் காதலால் மெல்ல மெல்ல அழிவை நோக்கிப் போவதைத் தனித்தனிக் கதைகளாக வெட்டிப் படிக்கவே முடியாது. ஆனால் அவர் ஒரு நடுநிலையான, யாருக்கும் வலிக்காத பதிப்பை வெளியிட்டிருந்தால் இத்தனை பேர் மாலரியை இத்தனை நுணுக்கமாகப் படித்திருப்பார்களா என்பது சந்தேகம். ஒரு துறையை வளர்ப்பதற்கு, மறுக்கக்கூடிய தெளிவான கருத்தைச் சொல்லும் பதிப்பு நூறு பாராட்டுரைகளைவிடப் பயன்படுகிறது. தன் பாடபேதங்களையெல்லாம் அடிக்குறிப்பில் நேர்மையாகக் கொடுத்திருந்ததால், எதிராளிகள் அவருடைய பதிப்பை வைத்தே அவரை மறுக்க முடிந்தது.

மையின் தடம்

பிரதியை 1976-இல் பிரிட்டிஷ் நூலகம் வாங்கியது. அங்கே அச்சு வரலாற்று அறிஞர் லோட்டே ஹெலிங்கா அதைப் பரிசோதித்தார். பக்கங்களில் அங்கங்கே மங்கலான மைத் தீற்றல்கள் இருந்தன. கறை என்று யாரும் கண்டுகொள்ளாதவை. உற்றுப் பார்த்தபோது அவற்றில் சில, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகத் திரும்பிய அச்செழுத்துகள். ஈரம் காயாத அச்சுத் தாளின் மேல் பிரதியின் பக்கம் பட்டு ஒட்டிய தடம். எழுத்தின் வடிவம் காக்ஸ்டன் பயன்படுத்திய அச்சு வார்ப்புகளோடு பொருந்தியது. அதாவது, ஏறக்குறைய 1480 முதல் 1483 வரையான காலத்தில் இந்தப் பிரதி காக்ஸ்டனின் அச்சகத்தில்தான் இருந்திருக்கிறது.

இன்னொரு தடயமும் கிடைத்தது. ஒரு ஏட்டில் இருந்த கிழிசலைப் பின்புறம் ஒரு துண்டு தோல் ஏட்டை ஒட்டிச் சரிசெய்திருந்தார்கள். அந்தத் துண்டு, 1489-இல் காக்ஸ்டன் அச்சிட்ட பாவமன்னிப்புச் சீட்டு ஒன்றிலிருந்து கிழித்தது. நூல் அச்சாகி நாலு வருடம் ஆன பிறகும் பிரதி அந்த வட்டாரத்தைவிட்டுப் போகவில்லை என்று ஆகிறது.

இவ்வளவுக்கும் பிறகு, காக்ஸ்டன் இதைப் பார்த்துத்தான் அச்சுக் கோத்தாரா என்றால், இல்லை என்பதுதான் பலரின் முடிவு. அச்சுக் கோப்பவர்கள் பக்க அளவு கணக்கிட்டுப் போடும் அடையாளங்கள் இதில் முறையாகக் காணப்படவில்லை. பாட வேறுபாடுகளும் அதிகம். வேறொரு பிரதியை வைத்துக் கோத்துக்கொண்டு, இதையும் பக்கத்தில் வைத்திருந்திருக்கிறார். அந்த வேறொரு பிரதி இன்றுவரை கிடைக்கவில்லை.

இலக்கியம் படித்தவர்களும் அச்சுத்தொழில் வரலாறு படித்தவர்களும் ஒரே மேசையில் உட்கார வேண்டி வந்தது இந்தக் கறைகளால்தான். பிரதியை எழுதிய இரு எழுத்தர்களும் ஆட்பெயர்களைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்கள். ஒரு வரியின் நடுவில் ‘லான்சலாட்’ வந்தால் பேனாவை மாற்றி, மையை மாற்றி, மறுபடி கறுப்புக்குத் திரும்ப வேண்டும். இவ்வளவு மெனக்கெட்டது மாலரியின் விருப்பமா, எழுத்தர் பட்டறையின் பழக்கமா என்று ஒரு தனி விவாதம் நடந்துகொண்டிருக்கிறது.

சங்கமும் நூலடைவும்

வினாவேர் 1927-இலேயே ஆக்ஸ்போர்டில் ஒரு ஆர்தர் சங்கம் தொடங்கியவர். அது விரிந்து, இடைக்கால மொழி இலக்கியங்களுக்கான பொதுச் சங்கமாகவும் 1932 முதல் ஒரு பருவ இதழாகவும் ஆனது. போருக்குப் பின், 1948-இல் பிரான்சின் பிரித்தானி பகுதியில் கெம்பேர் என்ற ஊரில் அனைத்துலக ஆர்தர் சங்கம் உருவானது. பிரான்சின் ஜான் ஃப்ராப்பியே, அமெரிக்காவின் ரோஜர் ஷெர்மன் லூமிஸ், வினாவேர் ஆகியோர் முன்னின்றார்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாநாடு.

மாநாடுகளை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்தச் சங்கம் செய்த பெரிய காரியம் 1949 முதல் வெளியிட்ட ஆண்டு நூலடைவு. எந்த நாட்டில், எந்த மொழியில் ஆர்தர் மரபு பற்றி என்ன வந்தாலும் ஒரு சிறு குறிப்போடு பட்டியலில் சேர்த்தார்கள். ஆர்தர் கதைகள் பிரெஞ்சு, வெல்ஷ், ஜெர்மன், டச்சு, ஐஸ்லாந்து மொழி என்று பரந்து கிடக்கின்றன. ஜெர்மன் ஆய்வாளர் எழுதியதை வெல்ஷ் ஆய்வாளர் அறிய வேறு வழியே இருக்கவில்லை. அந்தப் பட்டியல்தான் சிதறிக் கிடந்தவர்களை ஒரு துறையாக்கியது. 1959-இல் லூமிஸ் தொகுத்த பெரிய கூட்டு நூல், வெவ்வேறு மொழி மரபுகளை வெவ்வேறு வல்லுநர்கள் எழுத, இடைக்கால ஆர்தர் இலக்கியம் முழுவதையும் ஒரே அட்டைக்குள் கொண்டுவந்தது.

ஸ்டைன்பெக் வந்த வழி

மறுஆக்கங்களுக்கும் இந்த ஆய்வுக்கும் என்ன உறவு? ஒன்று தூய்மை, மற்றது நீர்த்தது என்று பார்க்கிற மனநிலை பல்கலைக்கழகங்களில் நெடுநாள் இருந்தது. அமெரிக்க நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக்கின் கதை அதற்கு நல்ல பதில்.

சிறுவயதில் மாலரியைப் படித்து மயங்கியவர் அவர். 1950-களின் நடுவில் அதை இன்றைய ஆங்கிலத்தில் சொல்ல முடிவு செய்தார். வழக்கமாக ஒரு நாவலாசிரியர் கையில் இருக்கிற பதிப்பை எடுத்துக்கொண்டு எழுத உட்காருவார். ஸ்டைன்பெக் வினாவேரைத் தேடி மான்செஸ்டருக்கே போனார். வின்செஸ்டர் பாடத்தை அடிப்படையாகக் கொண்டார். 1959-இல் சாமர்செட்டில் ஒரு சிறு வீட்டில் மாதக்கணக்கில் தங்கி எழுதினார். தொடக்கப் பகுதிகளில் மாலரியை அடியொற்றியே போகிறார். லான்சலாட்டிடம் வரும்போது கட்டு தளர்ந்துவிடுகிறது. மாலரி ஒரு வரியில் தாண்டுவதை ஸ்டைன்பெக் பக்கக்கணக்கில் விரிக்கிறார், பாத்திரங்கள் இருபதாம் நூற்றாண்டு மனிதர்களைப்போல் தங்களுக்குள் குமைகிறார்கள். அந்த இடம்தான் புத்தகத்தின் உயிர். ஆனால் முடிக்கவில்லை. 1968-இல் இறந்தார். 1976-இல், வேலை நடந்த காலத்து அவருடைய கடிதங்களோடு, வின்செஸ்டர் பிரதியின் பெயரைத் துணைத்தலைப்பில் தாங்கி நூல் வந்தது.

அந்தக் கடிதங்கள் ஆய்வாளர்களுக்கு இன்னொரு மூலம். ஒரு மறுஆக்கம் எப்படி உருவாகிறது, எங்கே மூலத்துக்குப் பணிகிறது, எங்கே திமிறுகிறது என்று உள்ளேயிருந்து காட்டுகின்றன. பழைய ஆங்கிலக் கவிதையின் முடிவை மாலரி வெட்டியதும், மாலரியின் லான்சலாட்டை ஸ்டைன்பெக் விரித்ததும் ஒரே வகைக் காரியம்தான். ஐநூறு ஆண்டு இடைவெளி இருக்கிறது என்பதற்காக ஒன்றை இலக்கியத் துறையிலும் மற்றதைப் பொழுதுபோக்கிலும் வைப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. 1970-களின் கடைசியில் இடைக்காலத்தைப் பின்னாளில் கையாண்ட விதத்தையே ஆராயும் தனி இதழ் அமெரிக்காவில் தொடங்கியது. 1990-களில் ரோச்செஸ்டர் பல்கலைக்கழக நூலகம் ஆர்தர் பற்றிய பழைய நூல்களையும் படங்களையும் இலவசமாக இணையத்தில் ஏற்றியது, அப்புறம் ராபின் ஹுட் கதைகளுக்கும் அதேபோல் செய்தது. கவிதையும் நாடகமும் ஓவியமும் அங்கே ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

மேசையின் பக்கம்

மேசையையும் விட்டுவிடக்கூடாது. காக்ஸ்டன் தன் முன்னுரையில், ஆர்தர் உண்மையில் வாழ்ந்தவர் என்பதற்குச் சான்றுகளை அடுக்குகிறார்: கிளாஸ்டன்பரியில் கல்லறை, டோவர் கோட்டையில் ஆர்தரின் வீரர் காவெய்னின் மண்டையோடு, வின்செஸ்டரில் வட்ட மேசை. கிளாஸ்டன்பரிக் கல்லறையின் பின்னணி பலருக்குத் தெரியும். 1184-இல் மடம் தீக்கிரையானது, திருப்பணிக்குப் பணம் தேவைப்பட்டது, சில ஆண்டுகளில் துறவிகள் ஆர்தரின் எலும்புகளையே ‘கண்டெடுத்தார்கள்’. வின்செஸ்டர் மேசையையும் 1976-இல் சுவரிலிருந்து இறக்கிச் சோதித்தார்கள். மரவளையக் கணக்கும் கார்பன் கணிப்பும் அது பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டு வேலை என்று காட்டின. ஆய்வை நடத்திய மார்ட்டின் பிடில், முதலாம் எட்வர்டு 1290-இல் நடத்திய வீர விளையாட்டு விழாவோடு அதைப் பொருத்துகிறார். மேலே உள்ள வண்ணமோ எட்டாம் ஹென்றி காலத்தது, நடுவில் வீற்றிருக்கும் ஆர்தரின் முகம் ஹென்றியுடையது என்பார்கள். மேசையும் ஒரு மறுஆக்கம்தான், அரசர்கள் செய்துகொண்டது.

‘ஆர்தர் உண்மையா?’ என்ற கேள்வி கூட்டத்தை இழுக்கும். அதை முழுக்க ஒதுக்கத் தேவையில்லை, வாசலில் வைக்கலாம். ஆனால் மேசை ஆர்தருடையது அல்ல என்று தெரிந்த பிறகுதான் அதைப் பற்றிச் சொல்ல நிறைய விஷயம் கிடைத்தது என்பதை அதை ஆராய்ந்தவர்களின் வேலையே காட்டுகிறது.

1976-இல் இன்னொன்றும் நடந்தது. வின்செஸ்டர் பிரதி முழுவதையும் நிழற்பட நகலாக அச்சிட்டு, பழைய ஆங்கில நூல்களை வெளியிடும் சங்கம் ஒன்று கொண்டுவந்தது. அதற்குப் பிறகு மாலரி பிரதியின் பக்கத்தைப் பார்க்க இங்கிலாந்துக்குப் போக வேண்டியதில்லை என்றாயிற்று. பின்னாளில் பிரிட்டிஷ் நூலகம் வண்ணப் படங்களை இணையத்தில் வைத்தது. சிவப்பு மை சிவப்பாகவே தெரிந்தது. 2023 அக்டோபரில் நூலகத்தின் கணினிகள் மீது நடந்த இணையத் தாக்குதலில் எண்மச் சுவடிகளின் தளம் முடங்கியது, மாதக்கணக்கில் எழவில்லை. கறுப்பு வெள்ளையில் அச்சான 1976 நகல் இருக்கும் நூலகத்துக்குப் போகக்கூடியவருக்கு அந்தத் தடை இருக்கவில்லை. இப்படி ஒரு சுவடியை வெளியிடத் திட்டமிடுகிறவர்கள் இணையப் படத்துக்கு மட்டும் நிதி கேட்காமல், நாலு நூலகங்களில் வைக்க அச்சு நகலுக்கும் சேர்த்தே கேட்டுவிடுவது நல்லது.